கார்டுபடி மூத்தவன்

அறுபது முடிந்தவர்களுக்குத் தேனி கண் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் பாதி ரேட்டு என்று யாரோ சொல்லப்போக, கூடலூரிலிருந்து தவசியும் தம்பி ராஜபாண்டியும் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார்கள். இருவருக்கும் கண்புரை. திராட்சைப் பந்தலுக்கடியில் நின்று அண்ணாந்தால் காய் எது, இலை எது என்று தெரியாத நிலைமை.

கவுண்டரில் இருந்த ஜெனிபர் இருவரின் ஆதாரையும் வாங்கிப் பார்த்தாள். ராஜபாண்டிக்கு அறுபது முடிந்திருந்தது. தவசிக்கு இன்னும் ஒரு வருஷம் கிடந்தது.

"உங்களுக்குச் சலுகை வராதுங்கய்யா. நீங்க தம்பிதான?"

தவசிக்குச் சுருக்கென்றது. ரேட்டு கிடக்கட்டும், தம்பியாமே தம்பி!

"ஆத்தா, நாந்தேன் மூத்தவன். எங்கய்யா ரெண்டு பேத்தையும் ஒரே நாள்ல பள்ளிக்கூடத்துல சேக்கக் கூட்டிட்டுப் போனாக. தலைக்கு மேல கையச் சுத்திக் காதத் தொடச் சொன்னாக. இவனுக்குக் கை நீளம், தொட்டுட்டான். எனக்கு எட்டல. வாத்தியாரு இவன விட எனக்கு ஒரு வயசக் கொறச்சு எழுதிப்புட்டாக."

ஜெனிபருக்குச் சிரிப்பு வந்தது. இரக்கமும் வந்தது. "நீங்க சொல்லுங்கய்யா, யாரு மூத்தவுக? மேனேஜர்கிட்டக் கேட்டுப் பாக்குறேன்" என்று ராஜபாண்டியிடம் திரும்பினாள்.

ராஜபாண்டி மோவாயைச் சொறிந்தான். குலசாமி கும்பிடில் முதல் திருநீறு அண்ணனுக்கு. பங்கு பிரித்தபோது கிணத்தடி வயல் அண்ணனுக்கு. அண்ணன் போட்டுக் கழித்த சட்டைதான் தம்பிக்கு. எல்லாம் அவன் மனசில் ஓடுவது தவசிக்குத் தெரியாமலில்லை.

"கார்டுல உள்ளபடியே போடும்மா" என்றான் ராஜபாண்டி.

அடப்பாவி! கூடப்பிறந்தவன் பேசுகிற பேச்சா இது? நாலு பேர் பார்க்கச் சண்டை போட்டால் மானம் போகும். தவசி முழு ரேட்டையும் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ராஜபாண்டிக்கோ கால் தரையில் பாவவில்லை. "தம்பி, அந்தத் தண்ணிப் பாட்டில இங்கன எடுப்பா" என்றான். எதிரே இருந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். தவசி பாட்டிலை எடுத்தார். ஒரு சொட்டு விடாமல் தானே குடித்துவிட்டு, காலி பாட்டிலை மஞ்சப்பைக்குள் போட்டார்.

பச்சை அங்கி மாட்டி, கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, இருவரையும் தியேட்டர் வாசலில் உட்கார வைத்தார்கள். கதவு திறந்தது. உள்ளே ஏதோ மிஷின் கீச்சென்று கத்தியது.

"வயசுல மூத்தவுக முதல்ல வாங்க" என்றாள் நர்ஸ்.

ராஜபாண்டி எழவில்லை. "அண்ணே, நீ முன்னாடி போண்ணே" என்றான் மெதுவாக.

"கூப்புட்டது உங்களத்தேன். போங்கண்ணே" என்றார் தவசி. அவருக்கு மனசு குளுகுளுவென்றிருந்தது.

"வெளையாடாதண்ணே. எனக்குப் பயமா இருக்கு." தம்பியின் கை அவர் முழங்கையைப் பிடித்தது. தவசிக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

"யாருதான்யா மூத்தவுக?" நர்ஸுக்கு அலுத்துப்போனது.

"இவுகதேன்! இவுகதேன் எங்கண்ணே!"

ராஜபாண்டி போட்ட சத்தம் கவுண்டர் வரைக்கும் கேட்டிருக்கும். கேட்டு என்ன பிரயோசனம், பில்லு போட்டு முடித்தாகிவிட்டது. தவசி எழுந்து, மஞ்சப்பையை அவன் மடியில் வைத்தார்.

"நான் வர்றதுக்குள்ள பாட்டில்ல தண்ணி ரொப்பி வையிலே" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக உள்ளே போனார்.