நஸ்மியே வளர்ந்த பருவம்

கராலிமான் துறைமுகத்தின் மகளிர் கூடைப்பந்து அணி நாட்டின் சாம்பியன் ஆன பருவத்தில், அணியிலேயே குள்ளமான நஸ்மியே ஒவ்வொரு வெற்றிக்கும் இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்தாள். தோற்ற ஆட்டங்களுக்கு வளரவில்லை. அது 1997. ஒரு சிமிட் ரொட்டி இருபத்தைந்தாயிரம் லிராவுக்கு விற்றது, எலுமிச்சை நன்றாகக் காய்த்திருந்தது, கடலில் நெத்திலி குறைவு. அக்டோபர் முதல் சனிக்கிழமை மதியம் முதல் ஆட்டத்தை ஏழு புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள். மறுநாள் காலை நஸ்மியே மேல் அலமாரியிலிருந்த சர்க்கரை டப்பாவை ஸ்டூல் போடாமல் எடுத்தாள். அவள் கணவன் ஷாகிர் தையல்காரன், அளவுகள் கண்ணில் படாமல் போகாதவன். அவன் நூற்று அறுபத்து மூன்று சென்டிமீட்டர், அவள் நூற்று அறுபத்தொன்று. கல்யாணப் படத்தில் அந்த இரண்டு சென்டிமீட்டர் நன்றாகத் தெரியும்படி அவன் நிமிர்ந்து நின்றிருப்பான். அன்று காலை தேநீர்க் கோப்பையை நீட்டியபோது அவள் கண்கள் அவன் கண்களுக்கு நேராக இருந்தன.

"ஷூ போட்டிருக்கியா?" என்றான்.

"வெறுங்கால்."

அவன் குனிந்து பார்த்துவிட்டுத் தேநீரைக் குடித்தான். அடுத்த வாரமும் ஜெயித்தார்கள். அதற்குப் பிறகு அவன் அண்ணாந்து பேசப் பழகிக்கொண்டான்.

எலுமிச்சையைப் பெட்டியில் அடுக்கி அனுப்பும் கூட்டுறவுச் சங்கத்தின் அணி அது. நஸ்மியே அதில் பன்னிரண்டு வருடமாகச் சம்பளத்துக்கு ஆடுகிறாள். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் அணி ஏழாம் இடத்துக்கு மேல் ஏறியதில்லை. பந்தைத் தட்டிக்கொண்டு முன்னால் போய், யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்வது அவள் வேலை. அதை அவள் செய்த விதம் முழுக்க அவளுடைய குள்ளத்தை நம்பி இருந்தது. மற்றவர்களின் முழங்கால் உயரத்துக்கு மேல் அவள் பந்து எழும்பாது. நீட்டிய கைகளுக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிடுவாள். அவளைத் தடுப்பது கட்டிலுக்கு அடியில் ஓடிய பூனையைப் பிடிப்பது மாதிரி என்று எதிரணிக்காரிகள் அலுத்துக்கொள்வார்கள். இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தரை அவளிடமிருந்து கொஞ்சம் தள்ளிப்போனது. திங்கட்கிழமை பயிற்சியில் புதுக் கையும் புதுக் காலுமாகத் தொடங்கி, வெள்ளிக்கிழமை அவை ஒருவழியாகப் பழகும்போது சனிக்கிழமை ஜெயித்துவிடுவார்கள். புத்தாண்டுக்குள் நூற்று எண்பத்து மூன்றுக்கு வந்திருந்தாள். பந்து அவள் கையில் நிற்கவில்லை. பதினேழு வயதுப் பெண்கள் அதைத் தட்டிப் பறித்துக்கொண்டு ஓடினார்கள். பார்வையாளர் பக்கத்திலிருந்து, "ஏ மினார்! மேல காத்து எப்படி இருக்கு?" என்று கத்தினார்கள். பயிற்சியாளர் முசெய்யென் அவளை ஆட்டத்திலிருந்து வெளியே எடுத்துப் பார்த்தாள். அணி தோற்றது. உள்ளே விட்டாள். பந்து பறிபோனது, ஆனால் அணி ஜெயித்தது. அந்த உயரத்திலிருந்து நஸ்மியேவுக்கு ஆடுகளம் முழுவதும் தாம்பாளத்தில் பரப்பிய சாப்பாடு மாதிரித் தெரிந்தது. யார் எங்கே காலியாக நிற்கிறாள், எவள் மூச்சு வாங்குகிறாள், இன்னும் மூன்று நொடியில் எந்த இடம் திறக்கும் என்று அவள் கத்திச் சொன்னாள். தன் கையால் செய்ய முடியாததை மற்ற நால்வரையும் செய்ய வைத்தாள். அவர்கள் முதலில் எரிச்சல்பட்டார்கள், பிறகு கேட்டார்கள், பிப்ரவரியில் அவள் வாய் திறப்பதற்கு முன்பே செய்யத் தொடங்கினார்கள்.

இந்த வளர்த்தியில் உண்மையாகவே சந்தோஷப்பட்டவள் குலிசார் ஒருத்திதான். நடு ஆட்டக்காரியான அவள் நூற்றுத் தொண்ணூற்றாறு சென்டிமீட்டர். பன்னிரண்டு வயதிலிருந்து கூன் போட்டே நடந்தவள். பேருந்தில் எந்த இருக்கையில் கால் இடிக்காது, கட்டிலில் எப்படிக் குறுக்காகப் படுப்பது, எந்தக் கடையின் வாசல் நெற்றியைப் பதம் பார்க்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். நஸ்மியே தன்னைத் தாண்டிய வாரம் அவள் முதல் முறையாக முதுகை நிமிர்த்தி நின்று, "அப்பாடா, இனிமே என்னை எவனும் பாக்க மாட்டான்" என்றாள்.

ஷாகிர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மனைவியின் உடைகளுக்கு மடிப்பைப் பிரித்தான். மடிப்புகள் தீர்ந்தபோது துண்டு வைத்துத் தைத்தான். தெருவில் கேலி செய்தவர்களிடம், "எனக்கு வேலை ஜாஸ்தி, உனக்கு என்ன கஷ்டம்?" என்பான். மார்ச் கடைசியில் வழக்கமான ஆட்டங்கள் முடிந்தன. இருபத்தொரு வெற்றி, நஸ்மியே இருநூற்று மூன்று. அணி இரண்டாம் இடத்தில் நின்றது, இனி முடிவுச் சுற்றுகள். படி ஏறும்போது அவளுக்கு மூச்சு முட்டுவதைக் கவனித்த ஷாகிர், டாக்டர் பெஹ்செத்திடம் கூட்டிப்போனான். டாக்டர் வெகுநேரம் காதில் குழாயை வைத்துக் கேட்டார். இதயம் வளரவில்லை, அது இன்னமும் நூற்று அறுபத்தொரு சென்டிமீட்டர்காரியின் இதயம்தான் என்றார். இருநூற்றுப் பதினைந்து வரை அது ரத்தத்தை மேலே ஏற்றிவிடும். அதற்கு மேல் தன்னால் உறுதி சொல்ல முடியாது. இன்னும் பன்னிரண்டு சென்டிமீட்டர், அதாவது ஆறு வெற்றி. சாம்பியன் ஆக ஏழு வேண்டும். வெளியே வந்து நஸ்மியே, "போன வருஷம் முசெய்யெனோட முட்டி ஒரு மாசத்துல சரியாயிடும்னு சொன்னதும் இவர்தானே, இன்னும் நொண்டிட்டுத்தான் இருக்கா" என்றாள். ஷாகிர் சிரிக்கவில்லை.

கால் இறுதியில் இரண்டு, அரை இறுதியில் இரண்டு வென்றார்கள். இறுதிச் சுற்றில் இஸ்தான்புல்லின் பெரிய அணி ஒன்றோடு ஐந்து ஆட்டம். மூன்று ஜெயிப்பவர்களுக்குக் கோப்பை. முதல் இரண்டும் கராலிமானில் நடந்தன, இரண்டையும் ஜெயித்தார்கள். நஸ்மியே இருநூற்றுப் பதினைந்தில் வந்து நின்றாள். பிறகு இஸ்தான்புல் போய் மூன்றாவதில் பதினெட்டுப் புள்ளியிலும், நான்காவதில் ஒன்பது புள்ளியிலும் தோற்றார்கள். திரும்பும் வழியில், காலை பத்து மணிக்கு, மலைப் பாதையில் ஒரு உணவகத்தில் பேருந்து நின்றது. எல்லோருக்கும் பருப்பு சூப் வந்தது. நஸ்மியே கரண்டியைத் தொடவில்லை.

"குலிசார், பத்து வருஷமா உன்னைப் பாக்கறேன். வளையத்துக்கு நேர் கீழ நின்னு போடற பந்தை நீ விட்டதே இல்ல. நேத்து நாலு விட்ட."

"கை வழுக்கிருச்சு."

"நாலு தடவையுமா? கையில சோப்பு தடவிட்டு வந்தியா?"

குலிசார் எலுமிச்சைத் துண்டை சூப்பில் பிழிந்தாள். பிழிய ஒன்றும் மிச்சமில்லாத பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள். "உன் புருஷன் வந்தான்டீ. எங்க வீட்டு வாசல்ல நின்னு அழுதான். ஒரு ஆம்பள என் இடுப்பு உயரத்துல நின்னு அழறான், நான் என்ன பண்ணுவேன்? 'போடா, நான் ஜெயிக்கணும்'னா சொல்லுவேன்?"

நஸ்மியே மேசையைச் சுற்றிப் பார்த்தாள். எல்லோரும் சூப்பைப் பார்த்தார்கள். "அப்போ எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாது" என்றாள் முசெய்யென். பன்னிரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். "சரி, தெரியும். இப்ப என்ன?"

"இப்ப என்னவா? பன்னிரண்டு வருஷமா ஏழாவது இடம், ஒன்பதாவது இடம், ஒரு தடவ கடைசிக்கு முந்தின இடம். இன்னும் ஒரே ஒரு ஆட்டம் இருக்கு. நீங்க எனக்காகத் தோத்தீங்கன்னா, நான் இன்னும் நாப்பது வருஷம் தினமும் காலைல எழுந்து அந்த ஆட்டத்தத்தான் பாத்துட்டு இருப்பேன்."

"இருப்பியே" என்றாள் குலிசார். "அது போதும் எங்களுக்கு."

"எனக்குப் போதாது. என் நெஞ்ச நான் பாத்துக்கறேன். நீ பந்தப் பாரு. வேணும்னே ஒரு பந்து விட்டாலும் மைதானத்துலயே உக்காந்துடுவேன். என்னைத் தூக்கிட்டுப் போக உங்க யாராலும் முடியாது."

அது உண்மைதான். சூப் ஆறிப்போயிருந்தது. எல்லோரும் குடித்தார்கள்.

வீட்டில் அவள் ஷாகிரிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவன் அவளுடைய ஆட்ட உடையைத் தேய்த்துக் கொண்டுவந்து மடியில் வைத்தான். அவள் பிரித்துப் பார்த்தாள். நீளம் கூடியிருந்தது. இருநூற்றுப் பதினேழுக்குத் தைத்திருந்தான்.

"நீ குள்ளமா இருந்தப்பவே நான் சொன்னதைக் கேட்டதில்ல" என்றான். "ஆனா நான் வர மாட்டேன். என்னால பாக்க முடியாது."

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் முதல் வரிசையில், கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றவும் மறந்து, உட்கார்ந்திருந்தான். கராலிமானில் அன்று ரொட்டிக்கடை முதல் மீன் ஏலம் வரை எல்லாம் மூடிக்கிடந்தன. டாக்டர் சொன்னது ஊருக்கே தெரியும் என்பதால் கூட்டம் கத்துவதற்குப் பயந்தது. தங்கள் அணி புள்ளி எடுத்தால் கைதட்டிவிட்டு, உடனே கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். குலிசார் ஒரு பந்தையும் விடவில்லை. போட்ட ஒவ்வொன்றுக்கும் அழுதாள். கடைசி நிமிடத்தில் எழுபத்தொன்றுக்கு எழுபது என்று பின்தங்கியிருந்தார்கள். பதினொரு நொடி இருந்தபோது பந்து நஸ்மியேவிடம் வந்தது. அவள் கையிலிருந்து அதைப் பறிப்பது எளிது என்று தெரிந்து மூன்று பேர் அவளைச் சூழ்ந்தார்கள். அப்போது நஸ்மியே குனிந்தாள். முழங்கால் மடிந்தது, முதுகு மடிந்தது, பின்னல் தரையைத் தொட்டது. இருநூற்றுப் பதினைந்து சென்டிமீட்டரும் மடங்கிப் பழைய உயரத்துக்குக் கீழே போனது. பந்து தரையோடு தரையாகத் துடித்தது. மூன்று ஜோடிக் கைகளும் அவளைத் தலைக்கு மேலே தேடிக்கொண்டிருந்தபோது, அவர்களின் கால்களுக்கு இடையில் அவள் அதை உருட்டிவிட்டாள். குலிசார் வாங்கினாள், திரும்பினாள், போட்டாள். எழுபத்திரண்டு.

மணி அடித்தது. நாலாயிரம் பேர் இருந்த அரங்கில் ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் நஸ்மியேவைப் பார்த்தார்கள். அவள் தரையில் உட்கார்ந்தபடியே நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்தாள்.

"என்ன பாக்கறீங்க? ஜெயிச்சிட்டோம், கத்துங்களேன்!"

பிறகுதான் கத்தினார்கள்.

வளர்த்தி எப்போதும் மறுநாள் விடிந்து முதல் தேநீருக்குள் வந்துவிடும். அதனால் காலை எட்டு மணிக்கு அணி முழுவதும் ஷாகிரின் கடையில் கூடியது. கடைக்குள் இடமில்லாதவர்கள் தெருவில் நின்றார்கள், தெருவில் இடமில்லாதவர்கள் எதிரே இருந்த பள்ளிவாசலின் சுவரில் ஏறியிருந்தார்கள். ஷாகிர் நாடாவைக் குலிசாரிடம் கொடுத்தான், அவள் அளந்தாள். இருநூற்றுப் பதினைந்து. நம்பாமல் முசெய்யென் அளந்தாள். இருநூற்றுப் பதினைந்து. காலுறையைக் கழற்றச் சொல்லி ஷாகிரே மேசைமேல் ஏறி நின்று மூன்றாம் முறை அளந்தான், எண்ணை மனதுக்குள் படித்தான், பிறகு உரக்கப் படித்தான். டாக்டர் பெஹ்செத் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "என்னோடதை விட நல்லா ஓடுது" என்றார். ஷாகிர் மேசையிலிருந்து இறங்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்து, தேய்த்து வைத்திருந்த ஒரு வாடிக்கையாளரின் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நஸ்மியே அவனைக் குழந்தையைத் தூக்குவது போல இறக்கிவிட்டாள். செய்தி வாசலைத் தாண்டிப் போனபோது ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டதில், துறைமுகத்தில் கட்டியிருந்த படகுகள் இரண்டு முழம் கடல் பக்கம் நகர்ந்தன. துறைமுகப் பதிவேட்டில் அன்று காலை காற்று இல்லை என்றுதான் எழுதியிருக்கிறது.

ஏன் நின்றது என்று அப்போது பலர் பலவிதமாகச் சொன்னார்கள். கோடை வந்ததும் பேச்சு எலுமிச்சை விலைக்குத் திரும்பியது. நஸ்மியே அந்தக் கோடை முழுவதும் தன் கைகளோடு பழகினாள். இப்போது அவை திங்கட்கிழமை எப்படி இருந்தனவோ வெள்ளிக்கிழமையும் அப்படியே இருந்ததால் சீக்கிரம் பழகிவிட்டன. அதன்பின் ஆறு பருவங்கள் ஆடினாள். அணி ஐந்தாம் இடம், நான்காம் இடம், ஒருமுறை மூன்றாம் இடம் வந்தது. யாரும் வளரவில்லை. குலிசார் திரும்பக் கூன் போடவில்லை.

சாம்பியன் ஆன அந்தக் கோடை முடிந்த செப்டம்பரில், புதிய பருவத்துக்கான பதிவுக்கு நஸ்மியே மாவட்ட விளையாட்டு அலுவலகம் போனாள். படிவத்தில் உயரம் என்ற இடத்தில் போன வருடம் நூற்று அறுபத்தொன்று என்று இருந்தது. அதை அடித்துவிட்டு இருநூற்றுப் பதினைந்து என்று எழுதினாள். கீழே, மாற்றத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம். அவள் கொஞ்சம் யோசித்து, 'சாம்பியன் ஆனோம்' என்று எழுதிக் கொடுத்தாள். குமாஸ்தா முழுவதும் படித்தான், முத்திரை குத்தினான், ஒட்டியிருந்த புகைப்படத்தை மட்டும் விரலால் தட்டிக் காட்டினான்.

"பின்னணி வெள்ளையா இருக்கணும் அக்கா. வேற படம் கொண்டு வாங்க."