மினுங்கிய அரை டொலர்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும் என்பது கொழும்பு கொட்டாஞ்சேனை முழுக்கத் தெரிந்த விசயம். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் வைத்தே மனைவி புளோறன்ஸ் புத்தி சொல்லி அனுப்புவாள். அன்றும் சொன்னாள்.

"வெள்ளவத்தையில போய் ஒருத்தரோடயும் கொளுவாதேங்கோ."

நான் போவது சிவபாதசுந்தரத்தாரின் அடுக்குமாடி பிளற்றுக்கு. இரண்டு பேருக்கும் ஒரே விசர்தான், பழைய அமெரிக்க வெள்ளி நாணயக் குற்றிகள். நான் துறைமுகத்தில் கிளாக்காக இருந்த காலத்தில் அவர் சரக்கு எடுக்க வந்து போவார். அப்போது தொடங்கிய பழக்கம் இன்னும் விடவில்லை. அவர் வாங்குவார், நான் கண்ணாடி வைத்துப் பார்ப்பேன், இரண்டு பேருமாகச் சேர்ந்து அல்பத்தில் பதிப்போம்.

அன்றைக்குப் பதிக்க இருந்தது ஓர் அரை டொலர். ஆயிரத்து எண்ணூற்று முப்பதுகளில் அடித்தது. ஒரு பக்கம் கழுகு, மறுபக்கம் தொப்பி போட்ட ஒரு பெண். தொப்பிக்காரி என்றுதான் நாங்கள் அதைச் சொல்வோம். ஆறுதலாகப் பார்க்கவென்று வீட்டுக்குக் கொண்டுபோய், போன ஞாயிறுதான் திருப்பிக் கொடுத்திருந்தேன். கொடுத்தபோது நல்ல கறுப்பு. இத்தனை வருசக் காற்றும் வெள்ளியில் படிந்து வந்த நிறம் அது. சேகரிக்கிறவனுக்கு அந்தக் கறுப்புத்தான் உயிர். துலக்கினால் போய்விடும், பிறகு திரும்பி வராது.

புது அல்பம் மேசையில் விரித்திருந்தது. தடித்த மட்டையில் குற்றியின் அளவுக்கு வட்ட வட்டமாக ஓட்டைகள். முகத்தில் விரல் படாமல் விளிம்பில் பெருவிரலை வைத்து அழுத்த வேண்டும். சரியான அளவென்றால் ஒரு சின்னச் சத்தத்தோடு உட்காரும்.

சிவபாதசுந்தரத்தார் சாமி அறைக்குள் போய் ஒரு கடதாசிப் பொட்டலத்தோடு வந்தார். புதிதாக எது வாங்கினாலும் ஒரு வெள்ளிக்கிழமையாவது பிள்ளையாருக்கு முன்னால் வைத்து எடுப்பது அவர் வழக்கம்.

"பிரிக்கவே இல்லை, நீர் தந்தபடியே இருக்கு. நீரே பதியும், சூசை. உமக்குத்தான் கை பதம்."

வெளிச்சத்துக்காக யன்னலடிக்குப் போய்ப் பிரித்தேன். தொப்பிக்காரி புது எவர்சில்வர் தம்ளர் மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தாள். எழுத்து இடுக்குகளில் வெள்ளையாக ஏதோ மாவு.

"என்ன சூசை, பதியேல்லையோ?"

"அண்ணை, இதை ஒருக்காப் பாருங்கோ."

வாங்கிப் பார்த்தார். முகம் கறுத்தது. நகத்தால் அந்த மாவைச் சுரண்டினார்.

"இது அச்சுச் சாந்து. வார்த்தெடுத்த போலி. என்ர குற்றி எங்க?"

"நானும் அதைத்தான் கேக்கிறன்."

"நீர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யன்னலடியில நிண்டீர். பொக்கற்றை ஒருக்கா வெளியில எடும், பாப்பம்."

"அண்ணை, துறைமுகத்தில இருந்த அவ்வளவு காலமும் என்ர பையை ஒருத்தனும் திறந்து பாத்ததில்லை."

"துறைமுகக் கதையை விடும்."

இரண்டு பொக்கற்றையும் இழுத்து வெளியே விட்டேன். செபமாலை, வீட்டுச் சாவி, முகம் துடைக்கிற லேஞ்சி, பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறை எல்லாம் அந்த அல்பத்தின் மேலேயே விழுந்தன. ஒவ்வொன்றாகக் கிளறிப் பார்த்தார். கிளறினவர் நிமிர்ந்து, "அப்ப போன கிழமை தந்ததே இதுதான்" என்றார்.

எனக்கும் புத்தி கோணலாகத்தான் ஓடியது. மனுசன் தானே எங்கேயோ கொடுத்துவிட்டுப் பழியை என் தலையில் கட்டுகிறாரோ என்று நினைத்தேன். சண்டைக்கு வாயைத் திறந்தபோதுதான் அவர் மனைவி கனகேஸ்வரி தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றார். அவர் பார்த்தது என்னையல்ல, மேசையில் கிடந்த குற்றியை.

அவருக்குப் பின்னால் சாமி அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே வெள்ளி விளக்கு பளபளத்தது. அதன் அடித்தட்டின் வளையங்களுக்குள்ளும் அதே வெள்ளை. எங்கள் வீட்டில் வெள்ளிச் சாமான் துலக்கப் போத்தல் மருந்து. இந்த வீட்டில் திருநீறு. வெள்ளிக்கிழமைகளில் கனகேஸ்வரி நிலத்தில் குந்தியிருந்து தேய்ப்பதை நானே கண்டிருக்கிறேன். எல்லாம் விளங்கிவிட்டது.

ஒரு சொல் சொன்னால் என் பெயர் தப்பும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்த மனுசியின் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்த பிறகு சொல்ல முடியவில்லை. சிவபாதசுந்தரத்தாருடைய உருப்பெருக்கிக் கண்ணாடியை அந்த மனுசி கைதவறி உடைத்த நாளில் நானும் அந்த வீட்டில் இருந்தவன். அவர் போட்ட சத்தம் பக்கத்து பிளற்றுக்கும் கேட்டது. என் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும், அவருடையது வீட்டுக்கு மேலே நிற்கும்.

"கதையுமன் சூசை. கள்ளனுக்கு வாய் அடைச்சுப்போச்சோ?"

பிறந்ததற்கு அன்றைக்குத்தான் முதல்முறை இப்படி வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

தட்டு மேசையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"இஞ்சரப்பா, அது திருநீறு" என்றார் கனகேஸ்வரி. "சாமிக்கு முன்னால பொட்டலம் கிடந்தது. என்னெண்டு பிரிச்சுப் பாத்தன், கறுத்துப்போய்க் கிடந்தது. விளக்கோட சேத்து நான்தான் மினுக்கிப்போட்டுத் திருப்பிச் சுத்தி வைச்சனான். நல்லது செய்யிறன் எண்டு நினைச்சன்."

"அப்ப இவ்வளவு நேரமும் ஏன் வாயைத் திறக்கேல்லை?"

"உங்களுக்குப் பயத்தில. இவரைக் கள்ளன் எண்ட பிறகும் பேசாமல் நிண்டால், நாளைக்கு அந்தத் திருநீற்றை எந்த முகத்தோட எடுத்துப் பூசுறது?"

சிவபாதசுந்தரத்தார் சத்தம் போடவில்லை. குற்றியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் நீட்டினார்.

"சூசை, இரும். தேத்தண்ணியைக் குடியும். நீரே பதியும்."

"உங்கட குற்றி அண்ணை. நீங்களே பதியுங்கோ."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கனகேஸ்வரியைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். லிப்ட் வரும்வரை நிற்கப் பொறுமை இல்லை. படியால் இறங்கி, காலிக்குப் போகும் பெரிய வீதியில் புடவைக் கடைகளையும் சாப்பாட்டுக் கடைகளையும் தாண்டி நடந்தேன். தெரிந்த முகங்கள் இரண்டு மூன்று சிரித்தன. நானும் சிரித்து வைத்தேன். நெரிசல் குறைந்த ஒரு தரிப்பிடத்தில் பஸ் ஏறினேன்.

கொண்டக்டர் பெடியன் கையை நீட்டினான். சில்லறைக்காகக் கையை விட்டேன். கை உள்ளே போகவில்லை.

"அங்கிள், சாக்குவ எளியெனே" என்றான் அவன் சிங்களத்தில், மெதுவாக.

குனிந்து பார்த்தேன். இரண்டு பக்கத்துப் பொக்கற்றும் நாய்க் காது போல வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. வெள்ளவத்தை முழுக்க அப்படியேதான் நடந்து வந்திருக்கிறேன். சில்லறையும் செபமாலையும் அவருடைய அல்பத்தின் மேலே கிடக்கின்றன.

பெடியன் காசு வேண்டாமென்று கையால் காட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனான். எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது.