காப்பிலி அக்காவின் இரங்கல் உரை

"எல்லாருக்கும் வணக்கம். நான் காப்பிலி அக்கா."

பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அபெனா இதைத் தமிழிலேயே சொன்னதும், பிராங்பேர்ட் கல்லறைச் சிற்றாலயத்தில் இருந்த அத்தனை தமிழருக்கும் ஒரே நேரத்தில் தொண்டை கரகரத்தது. மதிசுதன் சித்தப்பா இருமலை அடக்க முடியாமல் வெளியே போனார். வேணுஜாவுக்கு அப்பாவின் பெட்டிக்குள்ளேயே தானும் ஏறிப் படுத்துவிடலாம் போலிருந்தது.

கறுப்பின மக்களைக் கேவலமாகச் சொல்ல நம் ஆட்கள் ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த சொல் அது. விசாவே கேட்காமல் வந்து சேர்ந்துவிட்டது.

அபெனா கானாக்காரரின் மகள்; பிறந்ததே பிராங்பேர்ட்டில்தான். இரண்டு குடும்பமும் இருந்த மாடிக் குடியிருப்பை வாங்கிய நிறுவனம் வாடகையை ஏற்றி, கறுப்பர்களையும் தமிழரையும் கிளப்பப் பார்த்தபோது கதவு கதவாகத் தட்டி ஆள் சேர்த்தவர். ஆப்பிரிக்கப் பெயரில் கேட்டால் இல்லாத வீடு ஜெர்மன் பெயரில் கேட்டால் எப்படிக் காலியாகிறது என்று நீதிமன்றத்திலேயே கேட்டவர். ஊர்வலங்களில் அவருடைய பதாகையின் மறுமுனையைப் பிடித்தவர் அப்பா ஞானப்பிரகாசம். பிடித்தபடியே வீட்டில் அம்மாவுக்குத் தொலைபேசி எடுப்பார். "கமலம், காப்பிலி அக்காவும் வாறா. சோறு கூடப் போடு."

"அப்பா, அது கூடாத சொல்லு!" என்று வேணுஜா சண்டை பிடிப்பாள்.

"அவவுக்கு விளங்காது பிள்ளை."

ஒருநாள் அபெனாவே அர்த்தம் கேட்டார். அப்பா கொஞ்சமும் கூசாமல், "நல்லாக் கோப்பி குடிக்கிற ஆள்" என்றார்.

இப்போது உறவுக்காரர் யாராவது இளித்துக்கொண்டு உண்மையைச் சொன்னால் அபெனா அடக்கத்துக்கு நிற்கவே மாட்டார். அப்பாவின் ஒரே சிநேகிதி அப்படிப் போகக்கூடாது. உரை முடிந்ததும் வேணுஜா அவரை வாசலுக்கு இழுத்துப் போய் ஜெர்மனில் கொட்டித் தீர்த்தாள்.

"அது கோப்பி இல்லை, அபெனா. அது வந்து..."

"தெரியும். அடுத்த நாளே தேடிப் பாத்திட்டன்."

"பிறகேன் இண்டைக்கு உள்ளுக்குச் சொன்னனீங்கள்?"

"அந்த மூஞ்சியளைப் பாக்கத்தான். உன்ர சித்தப்பா இன்னும் இருமுறார், கேக்குதோ?"

வேணுஜாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அப்பாவோட கோவமே வரேல்லையோ?"

"ஆர் சொன்னது வரேல்லை எண்டு? அவரே வாய்திறந்து சொல்லட்டும் எண்டு வருசக்கணக்காப் பாத்துக்கொண்டிருந்தன்." அபெனா மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரியில கடைசி நாள், என்ர கையைப் பிடிச்சு, 'கோப்பி இல்லை, அபெனா, கோப்பி இல்லை' எண்டு சொல்லிக்கொண்டே இருந்தார். தாதி ஓடிவந்து, நான் குடிச்சுக்கொண்டிருந்த கோப்பியைத் தூக்கிக்கொண்டு போயிட்டா."



பெட்டி வெளியே வந்தது. பின்னால் தனியாக வந்த அம்மா அவர்களைக் கண்டு நின்றார். இத்தனை வருடத்தில் அவரும் அபெனாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"வாங்கோ," என்றார். "முன்னுக்கு வாங்கோ... அபினா."

"அபெனா."

"ஓம். அபினா."

"அ-பெ-னா."

அம்மா அவருடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சரளைக்கல் பாதை முடிந்து குழி வரும்வரைக்கும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.