வின்ச்சை நிறுத்திய சுவக்கின்

பல்லேகலப் புல்வெளியின் மறுமுனையில், இழுக்கச் சொல்லிக் கொடி அசைந்தது. சுவக்கின் வின்ச்சை ஓட்டவில்லை. கொடி மறுபடியும் அசைந்தது. அவன் எஞ்சினை நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு அந்த அரை மைல் தூரத்தையும் நடக்கத் தொடங்கினான். 1969ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அது.

பழைய லொறி எஞ்சினில் பூட்டிய பெரிய இரும்பு உருளைதான் வின்ச். அது கம்பிக் கயிற்றை வேகமாகச் சுற்றி இழுக்க, மறுமுனையில் மாட்டிய கிளைடர் என்ற எஞ்சினில்லாத விமானம் பட்டம் போல மேலே ஏறும். வத்தேகமவில் மெக்கானிக்காக இருந்த சுவக்கின் நான்கு வருடமாக இந்தக் கிளைடர் கிளப்புக்கு வின்ச் ஓட்டுகிறான்.

போன ஒக்டோபரில் லெட்சுமணன் என்ற பள்ளிக்கூட மாஸ்டர் தனியாக ஏறியபோது, பாதி உயரத்தில் கயிறு அறுந்தது. அந்த நொடியே கிளைடரின் மூக்கைக் கீழே அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் வேகம் செத்து, கல்லைப் போல விழும். மாஸ்டருக்கு அதை யாரும் செய்ய வைத்துப் பழக்கியிருக்கவில்லை. பதற்றத்தில் பிடியைத் தன் பக்கம் இழுத்துவிட்டார். முதுகெலும்பு முறிந்த அவரைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது சுவக்கின்தான். விபத்துக்குக் காரணம் காற்று என்று கிளப் அறிக்கை எழுதியது. அன்றைக்குப் புல் நுனிகூட ஆடவில்லை.

இன்று முதல் தடவையாகத் தனியாகப் பறக்க உட்கார்ந்திருந்தவர் கிளறன்ஸ், கண்டியில் ஒரு வங்கியில் கிளாக்கர். இதுவரை அவரைப் பயிற்சியாளரோடு பன்னிரண்டு தரம் மேலே இழுத்துவிட்டவன் சுவக்கின். அந்தப் பன்னிரண்டில் ஒன்றில்கூடக் கயிற்றைப் பாதியில் விட்டுப் பழக்கவில்லை.

பயிற்சியாளர் இராமநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். கிளைடரின் இறக்கைக்குப் பக்கத்தில் நின்றவர், சுவக்கின் வந்து சேருமுன்பே கத்தினார்.

"ஆர் உன்னை நிப்பாட்டச் சொன்னது?"

"நானாத்தான் நிப்பாட்டினேன் சேர். கயிறு அறுந்தா என்ன செய்யணும்னு இவருக்குப் பழக்கல. பழக்காத ஆள நான் இழுக்க மாட்டேன்."

"பன்னிரண்டு தரம் பறந்திட்டார். அது காணும். வாற சனிக்கிழமை கொழும்பிலையிருந்து ஆக்கள் இவர் தனியாப் பறக்கிறதைப் பார்க்க வருகினம், தெரியுமோ? நீ கயிறு இழுக்கிற ஆள். படிப்பிக்கிறது நான்."

"மாஸ்டரையும் நீங்கதான் படிப்பிச்சீங்க."

இராமநாதனின் முகம் கறுத்தது. கிளறன்ஸ் தலையைத் திருப்பி, "கயிறு அறுந்தா என்ன செய்யிறது சேர்?" என்று கேட்டார்.

"மூக்கை இறக்க வேணும். அவ்வளவுதான்."

"அத ஒரு தரமாவது நான் செஞ்சிருக்கேனா?"

கிளறன்ஸ் பட்டியை அவிழ்த்துக்கொண்டு வெளியே இறங்கினார்.

சுவக்கின் விடவில்லை. "சேர், ரெண்டு பேர் ஏறுற கிளைடர்ல நீங்களும் இவரோட ஏறுங்க. நான் பாதியில எஞ்சினைக் கொறச்சிருவேன். எந்த ஒயரத்துலன்னு ரெண்டு பேருக்கும் சொல்ல மாட்டேன். அவர் தானாவே மூக்க எறக்கிட்டா நான் இனி வாயத் தொறக்க மாட்டேன். இந்த வேலையையும் விட்டுட்டுப் போறேன்."

சுற்றி நின்ற எல்லோரும் இராமநாதனைப் பார்த்தார்கள். மறுத்தால் என்ன அர்த்தம் என்பது அவருக்கும் விளங்கியது. "சரி, இழு," என்றார்.

முந்நூறு அடியில் சுவக்கின் எஞ்சினை ஒரேயடியாகக் குறைத்தான். கயிறு தொய்ந்தது. கிளைடர் மூக்கை வானத்துக்கு நிமிர்த்தியபடியே நின்றது. ஒரு நொடி போயிற்று. இன்னொன்றும் போயிற்று. 'மாதாவே' என்று அவன் வாய் முணுமுணுத்தது. அப்போதுதான் மூக்கு சடாரென்று கவிழ்ந்தது. கிளைடர் வேகம் பிடித்து, புல்லில் மோதிக் குதித்து நின்றது.

அவன் ஓடிப் போனபோது கிளறன்ஸின் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. "என் பக்கம்தான் இழுத்தேன் அண்ணன்," என்றார். "சேர்தான் தள்ளினார். நான் மட்டும் இருந்திருந்தா..."

இராமநாதன் இறங்கி ஒரு சிகரட்டைப் பற்றவைத்தார். பிறகு யாரையும் பாராமல், "இன்னொருக்கா" என்றார்.

அன்று பின்னேரம் ஆறு தரம் இழுத்தான். ஐந்தாவதிலும் ஆறாவதிலும் கிளறன்ஸ் தன் கையாலேயே மூக்கை இறக்கினார்.

செவ்வாய்க்கிழமை கிளப் செயலாளரின் கடிதம் வந்தது. கட்டளையை மீறியதற்கு மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்திட வேண்டும், இல்லையேல் வேலை இல்லை. சுவக்கினின் மனைவி கத்தரீனா அதை வாசித்துவிட்டு, "போடப் போறீங்களா?" என்று கேட்டாள்.

"நான் ஏன் மீறினேன்னு இதுல எழுதலயே."

கையெழுத்தில்லாமலே கடிதம் திரும்பிப் போனது. புதிதாக ஒருவனை வின்ச்சில் உட்கார வைத்தார்கள். ஆனால் கிளறன்ஸும் மற்ற மூன்று மாணவர்களும் ஏற மறுத்தார்கள். கொழும்பு விருந்தினர்கள் தேநீர் குடித்து, வெற்றுப் புல்லைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாவது வாரம் இராமநாதனின் கார் வத்தேகமவில் சுவக்கினின் வீட்டு வாசலில் வந்து நின்றது. அவர் காரை விட்டு இறங்கவில்லை.

"வாரும் சுவக்கின். கடிதத்தைக் கிழிச்சாச்சு. இனி எல்லாருக்கும் பழக்குவம்."

'நீ' என்று அழைத்தவர் மரியாதையாக 'வாரும்' என்றதைச் சுவக்கின் கவனித்தான். ஆனால் அசையவில்லை.

"ஆளுக்கு ஆறு தரம் சேர். அது இல்லாம தனியா ஏத்துறதில்லன்னு எழுதிக் குடுங்க. நான் வாறேன்."

"என்னை நம்பேலாதோ?"

"நம்பித்தான் மாஸ்டர இழுத்தேன்."

இராமநாதன் கார்க் கதவைத் திறந்து இறங்கி, எழுத ஒரு பேனை கேட்டார்.