பக்கத்து நாற்காலிக் குழாய்

கதவை இறுக்கி முடிப்பதற்குள் என் தங்கை புருஷன் நர்ஸம்மாவிடம் ஜோக் சொல்ல ஆரம்பித்துவிட்டான். தண்ணீர் லாரியின் தொட்டியைக் கழற்றி வந்து உள்ளே நாற்காலி போட்டதுபோல ஓர் இரும்பு அறை அது. உள்ளே அழுத்தம் ஏற ஏறக் காது அடைத்துக்கொள்ளும். மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்க வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் அந்த அவஸ்தையில் இருக்க, இவன் மூக்கைப் பிடித்தபடியே ஜோக்கின் கடைசி வரியைச் சொல்லித் தானே சிரித்தான். நர்ஸம்மாவும் சிரித்தாள். வாங்குகிற சம்பளத்தில் அதுவும் சேர்த்தி போலிருக்கிறது.

உள்ளே இருக்கும் அத்தனை பேருக்கும் சர்க்கரை. அத்தனை பேர் காலிலும் மாதக்கணக்கில் மூடாத புண். அவரவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரிலிருந்து ஒரு குழாய் முகமூடிக்கு வருகிறது. சிலருக்கு அதில் சுத்தமான ஆக்சிஜன், சிலருக்கு வெறும் காற்று. யாருக்கு எது என்று எங்களுக்கும் சொல்ல மாட்டார்கள், டாக்டருக்கும் தெரியாதாம். அப்போதுதான் ஆக்சிஜன் நிஜமாகவே புண்ணை ஆற்றுகிறதா என்று நேர்மையாகத் தெரியுமாம். என்ன நேர்மையோ! வெறும் காற்று வேண்டுமென்றால் என் வீட்டு மொட்டை மாடியில் கொள்ளை கொள்ளையாக வீசுகிறது. கையெழுத்து வாங்கும்போது எல்லாவற்றையும் விளக்கினார்கள்தான். எனக்கு அசல்தான் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எதிலும் இரண்டாம் தரம் வாங்கிப் பழக்கமில்லை எனக்கு.

எனக்கு ஷூ வியாபாரம். செருப்புக் கடை என்று எவனாவது சொன்னால் பற்றிக்கொண்டு வரும். வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் "உள்ள கைய விட்டுப் பாத்துட்டு மாட்டுங்க" என்று சொல்கிற நான், புதுப் பெட்டியிலிருந்து எடுத்த ஷூவை அப்படியே மாட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கடையில் நின்றேன். ஈரம் உறிஞ்சுவதற்கு உள்ளே சின்னச் சின்ன மணிகள் அடைத்த ஒரு பொட்டலம் போட்டிருப்பார்கள் அல்லவா, அது விரலுக்கடியில் நசுங்கிக் கிடந்திருக்கிறது. மரத்துப்போன காலுக்கு என்ன தெரியும்? வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால் ரத்தம். மாப்பிள்ளை என்னைவிடப் பெரிய அறிவாளி. கால் ஆணியைச் சவர பிளேடால் தானே சீவிக்கொண்டவன். எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. இந்தச் சோதனைக்கு மட்டும் ஒரு நாள்கூடத் தவறாமல் வருகிறான், அதுவும் என் காரில்.

இன்று காலை எங்கள் இருவர் புண்ணையும் அளந்தார்கள். மெல்லிய பிளாஸ்டிக் தாளை மேலே வைத்துப் பேனாவால் ஓரத்தை வரைந்து பார்ப்பார்கள். அவனுடையது நகத்தளவுக்குச் சுருங்கி, சுற்றிலும் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் கட்டியிருந்தது. என்னுடையது போன தடவை வரைந்த கோட்டைத் தாண்டிவிட்டது. டாக்டர் ஒரு சின்னப் பெண், என் மகள் வயசுகூட இருக்காது.

"எலும்புக்குப் போயிடுச்சு சார். அடுத்த வாரமும் இப்படியே இருந்தா, பாதத்துல முன்பாதிய எடுக்கறதப் பத்திப் பேசணும்."

"அவருக்கு மட்டும் அசலக் குடுக்கறீங்க, அப்படித்தானே?"

"எனக்கே தெரியாது சார். ஆனா அவர் கால ஊனவே மாட்டேங்கறார். நீங்க இன்னும் கடையில நிக்கறீங்க."

கடையை நான் பார்க்காமல் இவள் அப்பனா பார்ப்பான்? காலை நீட்டிப் படுத்துக் கிடப்பது மாப்பிள்ளைக்குப் பிறவித் தொழில். அதற்குப் பாராட்டு வேறு. வெளியே வந்தபோது என் தங்கை அவன் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பரிதாபத்தை நான் மன்னிக்கப் போவதில்லை.

அழுத்தம் முழுதாக ஏறியதும் முகமூடியைப் போடச் சொன்னார்கள். கோடியில் இருந்த பெரியவருக்குக் காது வலி. நர்ஸம்மா எங்களுக்கு முதுகைக் காட்டி அவரிடம் குனிந்திருந்தாள். மாப்பிள்ளை என் பக்கம் சாய்ந்தான்.

"மச்சான், உங்க குழாயக் கழட்டி இங்க குடுங்க."

"எதுக்கு?"

"எனக்கு வர்றதுதான் அசல்னு தோணுது. நீங்க எடுத்துக்குங்க. எனக்குத்தான் முக்கால்வாசி மூடிடுச்சே."

"பெரிய வள்ளல் நீங்க! சும்மா உக்காந்து உங்க வேலையப் பாருங்க மாப்ளே."

"எனக்கு ஏது மச்சான் வேலை?" என்று பல்லைக் காட்டினான். "நீங்கதான் நின்னு வியாபாரம் பண்றவரு. உங்களுக்குத்தான் கால் வேணும்."

கன்னத்தில் ஒன்று விடலாம்போல இருந்தது. இவன் எனக்குக் கால் பிச்சை போடுவதா? ஆனால் பயமாகவும் இருந்தது. அவனுக்கு வருவது அசலாக இருந்து, மாற்றியதும் அந்தப் புதுத் தோல் திரும்பப் பிய்த்துக்கொண்டால்? அவனும் இதை யோசித்திருப்பானா? யோசிக்கிற ஜாதியா அவன்? வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் கை பின்னால் போய்ச் சுவரிலிருந்து குழாயைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தது.

அவன் தன்னுடையதைக் கழற்றினான். நான் என் குழாயை அவனுக்குப் பின்னால் சுவரிலிருந்த துளையில் செருகிக்கொண்டேன், அவன் என்னுடையதில். முகமூடிக்குள் இரண்டு மூச்சு இழுத்துப் பார்த்துவிட்டு அதைக் கொஞ்சம் தூக்கினான்.

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு மச்சான்."

"பேசாதீங்க. வீணாப் போகுது" என்றேன்.

அவன் முகமூடியைச் சரிசெய்துகொண்டு கண்ணை மூடினான். சுவரில் வெளியே தெரிகிற மாதிரி ஒரு வட்டக் கண்ணாடி ஜன்னல் உண்டு. அதில் என் தங்கையின் முகம் தெரிந்தது. புருஷனைப் பார்த்துச் சிரித்துக் கையை ஆட்டினாள். அவன் பார்க்கவில்லை. அவள் பார்வை அவன் முகமூடியிலிருந்து குழாயோடு போய் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றது. பிறகு என் குழாயைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கம் போனது. ஆட்டிக்கொண்டிருந்த கை அப்படியே கண்ணாடியில் படிந்து நின்றது. "அண்ணா" என்று வாய் அசைந்தது. சத்தம் உள்ளே வராது. நான் முகமூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவள் கண்ணைப் பார்த்தபடியே, நெஞ்சு கொண்ட மட்டும் இழுத்தேன்.