வில்காரா நிரந்தரமாக மூடப்பட்டது

டேங்கர் லாரி அன்றைக்கு வந்தே ஆக வேண்டும். காலையில் க்ளெனிஸ் நிலத்தடித் தொட்டிக்குள் அளவுக்கோலை விட்டு எடுத்தபோது டீசல் அதன் நுனியைத்தான் நனைத்திருந்தது. பாலைநிலத்துச் சாலையோரம் அவள் நடத்தும் பெட்ரோல் பங்கும் சாப்பாட்டுக் கடையும்தான் வில்காரா; அங்கே ஜெனரேட்டர் ஓடுவது அந்த டீசலில்தான். அது நின்றால் பம்ப் நிற்கும், தண்ணீர் மோட்டார் நிற்கும், இரண்டு ஃப்ரீசரும் நிற்கும். அடுத்த லாரிக்கு ஐந்து வாரம். அதுவரை கடை தாங்காது.

எல்லாம் ஒரு பலகையால் வந்தது. ஒவ்வொரு செப்டம்பரிலும் குதிரைப் பந்தயம் நடக்கும் மூன்று நாளும் அந்தப் பக்கத்தில் எல்லோரும் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இருபது வருடத்துக்கு முன் அவள் கணவன் மெர்வ் ஒரு தகரத்தில் எழுதினான்: 'பந்தயத்துக்குப் போயிருக்கோம். எங்க குதிரை ஜெயிச்சா திரும்ப வரமாட்டோம்.' அவர்களுக்குக் குதிரையே கிடையாது. மெர்வ் செத்து ஆறு வருடமாகிறது. பலகையை அவள் வருடம் தவறாமல் மாட்டிக்கொண்டிருந்தாள்.

இந்த வருடம் அந்த வழியாகப் போன யாரோ ஒருவர் அதைப் படம் பிடித்து, போனில் வழிகாட்டும் வரைபடக்காரர்களுக்கு அனுப்பிவிட்டார். திரும்ப வரமாட்டார்களாம், பாவம் என்று நினைத்திருக்கலாம். அன்றிலிருந்து எல்லோருடைய போனிலும் வில்காராவின் மேல் சிவப்பு எழுத்து: நிரந்தரமாக மூடப்பட்டது.

க்ளெனிஸுக்கு அது தெரியவே இரண்டு மாதம் ஆனது. வெயில் அதிகம், அதனால்தான் ஆட்கள் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கேரவனில் வந்த ஒரு தம்பதி, கழிப்பறை அவசரத்தில் வண்டியைத் திருப்பியவர்கள், அவளை ஏதோ ஆவியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். பிறகுதான் போனைக் காட்டினார்கள்.

கடை திறந்திருக்கிறது என்று வரைபடக்காரர்களிடம் நிரூபிக்க, தபாலில் வரும் ஒரு எண்ணைப் பத்து நாளுக்குள் பதிய வேண்டும். வில்காராவுக்குத் தபால் வண்டி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மூன்று தடவை எண் வந்தது; மூன்றும் காலாவதியாகி வந்தன. வேண்டுமானால் வீடியோ அனுப்பலாம் என்றார்கள். தெருப் பெயர்ப்பலகை, கதவு எண், பக்கத்துக் கடை, இந்த மூன்றும் தெரிய வேண்டும். அவள் கதவருகே நின்று போனை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். செம்மண், வேலி, செம்மண், அவளுடைய பம்ப். பக்கத்துக் கடை இருநூற்றுப் பத்து கிலோமீட்டரில் இருந்தது. வீடியோ நிராகரிக்கப்பட்டது.

மத்தியானம் லைல் வந்து உட்கார்ந்தான். மண் சாலையைச் சமன்படுத்தும் இயந்திரம் ஓட்டுபவன். பத்து வருடமாக வில்காராவில்தான் அவனுக்கு மத்தியானச் சாப்பாடு. மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட 'மீட் பை' சுற்றியிருந்த பழைய செய்தித்தாளைப் பிரித்து நீவி வாசித்தான்.

"இதைக் கேளு. வழிகாட்டுற கருவிங்க வியாபாரம் அஞ்சு வருஷத்துல ரெண்டு மடங்காம். இன்னும் ஏறுமாம். கோடெல்லாம் இழுத்துப் படம் போட்டிருக்கான்."

"கோடு எந்தப் பக்கம் போகுது?"

"மேல."

"நம்ம கோடு?"

லைல் மீட் பையைக் கடித்தான். "என் வண்டியிலயும் போன மாசம் ஒண்ணு மாட்டிட்டானுங்க. நான் ரோட்டுல இருக்கேனான்னு பாக்குதாம். நான்தாண்டி அந்த ரோடே."

மூன்று மணிக்குத் தூசி தெரிந்தது. க்ளெனிஸ் சாலை ஓரத்துக்கே போய் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். லாரி வேகம் குறைந்து, தயங்கி, உள்ளே திரும்பியது.

ஓட்டுநர் புதியவன். பெயர் கோரன் என்றான். கீழே இறங்காமலே கண்ணாடியை இறக்கினான்.

"கடை மூடியிருக்குன்னு வண்டியில வழி காட்டுற பெட்டி சொல்லுது. நீ ஏன் கைய ஆட்டுற?"

"மூடினதால ஆட்டுறேன். இறங்கு, ராசா. மீட் பை சூடா இருக்கு."

அவன் சிரித்துக்கொண்டே இறங்கினான். குழாயை இழுத்துக்கொண்டு வந்து தொட்டியின் வாயில் பொருத்தினான். பிறகு லாரியின் பின்னால் போய் வால்வைத் திருப்பினான். அது அசையவில்லை. வண்டிக்குள் ஒரு கீச்சொலி கேட்டது. அவன் இன்னொரு தடவை திருப்பினான். மறுபடியும் கீச்சொலி.

"என்னாச்சு?" என்றாள்.

"புதுப் பூட்டு, போன வாரம்தான் மாட்டினாங்க. இந்த இடத்துக்குத் திறக்காது. சரக்கு இறக்கற இடம்னு பெட்டி ஒத்துக்கணும். அப்பத்தான் வால்வு வரும். திருடிடுவோம்னு பயம் அவங்களுக்கு."

"சாவி கிடையாதா?"

"கிடங்குல இருக்கு. அறுநூறு கிலோமீட்டர்."

நாற்பதாயிரம் லிட்டர் டீசல் அவள் பம்பிலிருந்து நான்கு எட்டில் நின்றுகொண்டிருந்தது. லைல் ஒரு சுத்தியலோடு வந்தான். கோரன் வேண்டாமென்று தலையாட்டினான். "அடிச்சா மொத்தமா பூட்டிக்கும், நண்பா. அப்புறம் லாரியும் இங்கயேதான்."

க்ளெனிஸ் உள்ளே போய்க் கிடங்குக்கு போன் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள்.

"உங்க ஆர்டர் இருக்குதும்மா. ஆனா இடம் மூடியிருக்குன்னு காட்டுது."

"மூடின கடையிலிருந்து யாரு பேசறான்னு நெனைக்கிற?"

"எனக்குப் புரியுது. சத்தியமா புரியுது. ஆனா அந்தத் தகவல் வரைபடக்காரங்ககிட்டேருந்து வருது. நாங்க காசு குடுத்து வாங்கறோம், அவ்வளவுதான். எங்களால மாத்த முடியாது."

"யாரால முடியும்?"

"நீங்க ஒரு எண்ணைப் பதியணும். தபால்ல வரும்."

வெளியே வந்தபோது கோரன் குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தான். வண்டிக்குள் பெட்டி விடாமல் கத்தியது.

"ஏன் நிக்கறேன்னு கேக்குது," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "பத்து நிமிஷத்துக்கு மேல நின்னா என் பேருக்குக் குறிச்சுடும். ஏற்கனவே ரெண்டு இருக்கு. மூணாவதுன்னா வண்டியைப் பிடுங்கிடுவாங்க."

"போ. நீ என்ன பண்ணுவ." உள்ளிருந்து கொண்டுவந்த மீட் பையை அவனிடம் நீட்டினாள்.

"இந்த மீட் பைக்கு எவ்வளவு?"

"மூடின கடையில விலை கிடையாது."

அவன் வண்டியைச் சாலையில் ஏற்றினான். ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தினான், அந்தச் சாலையில் எதிர்ப்படும் எல்லோரும் உயர்த்துவதுபோல. க்ளெனிஸும் உயர்த்தினாள். தூசி அடங்க வெகுநேரம் பிடித்தது.

"ரெண்டு ஃப்ரீசர்ல ஒண்ணை நிறுத்தணும்," என்றான் லைல். "கறியா, ஐஸ்கிரீமா?"

"ஐஸ்கிரீமை நிறுத்து. கறி இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும்."

லைல் உள்ளே போய் ஒரு ஃப்ரீசரின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தான். இரண்டு பேரும் ஒரு பெட்டி ஐஸ்கிரீமை நடுவில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார்கள். குச்சியோடு பிடித்தபோதே உருகி மணிக்கட்டில் வழிந்தது. மேற்கிலிருந்து கேரவனை இழுத்துக்கொண்டு ஒரு கார் வந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த பெண் மடியிலிருந்த திரையையும் கடையையும் மாறி மாறிப் பார்த்தாள். கார் வேகத்தைக் குறைக்கவில்லை. ஓட்டுபவர் மட்டும் ஒரு விரலை உயர்த்தினார்.

லைல் உயர்த்தினான். க்ளெனிஸ் ஐஸ்கிரீமை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, தானும் உயர்த்தினாள்.