தாய்மாமன் மடி

குப்புராஜ் குடும்பத்தோடு ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டது 1938-இல். மகன் தீர்த்தனுக்கு அப்போது ஐந்து மாதம். மொரப்பூர் ரயிலடியில் வழியனுப்ப வந்த மச்சினன் மாதையன் குழந்தையைக் கையில் வாங்கி, தலையை முகர்ந்து பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் நின்றான்.

"மூணு வருசத்துல வந்துருவீங்க இல்லீங்க மச்சான்? இவன் முதல் முடி வேடியப்பன் கோயில்ல என் மடியிலதான் எறங்கணும். அதுவரைக்கும் என் தலையிலயும் கத்தி படாது" என்றான்.

குப்புராஜ் சிரித்தான். வண்டி கிளம்பும் நேரத்தில் இருபத்திரண்டு வயதுப் பையன் உணர்ச்சிவசப்பட்டு எதையாவது சொல்வது சகஜம்தானே. குப்புராஜின் மனைவி பாஞ்சாலிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தன் தம்பி ஒரு வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்று அவளுக்குத் தெரியும். அப்படியெல்லாம் வேண்டாம்டா என்று சொல்ல ஜன்னலில் தலையை நீட்டுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

குப்புராஜுக்குத் தீர்த்தமலை அடிவாரத்தில் மானாவாரி நிலம் கொஞ்சம் இருந்தது. அது சோறு போடாததால் கோலார் சுரங்கத்துக்குப் போய், உள்ளே பாறை சரியாமல் மரத்தால் முட்டுக்கொடுத்து நிறுத்தும் வேலையைக் கற்றுக்கொண்டான். அங்கே இருந்த ஒரு துரை கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கனிக்காவில் புதிதாய்த் திறந்த தங்கச் சுரங்கத்துக்கு மாற்றலாகிப் போனபோது இவனை மேஸ்திரியாக அழைத்துக்கொண்டார். மூன்று வருட ஒப்பந்தம். அடுத்த வருடமே யுத்தம் வந்தது. கப்பலெல்லாம் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு போயின. மூன்று வருடம் எட்டு வருடமானது.

காட்டுக்கு நடுவே அந்தச் சுரங்கம். மேட்டின் மேல் வெள்ளைக்காரர் பங்களாக்கள். நடுவில் தகரக் கூரை போட்ட இந்தியர் வரிசை. பள்ளத்தில் ஆப்பிரிக்கத் தொழிலாளிகளின் குடிசைகள். மரியாதை பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறும். வசவு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும். நடுவில் இருந்தவர்களுக்கு இரண்டும் வழியில் கிடைக்கும்.

சாயங்காலம் வெடி போடும்போது பாஞ்சாலியின் அலமாரியில் தட்டுகள் குதிக்கும். முதல் மாதம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். பிறகு வெடிச் சத்தத்தைக் கேட்டுத்தான் உலை வைத்தாள். ஒருநாள் சந்தையில் ராகியைப் பார்த்துவிட்டுக் கூடையை அங்கேயே கீழே வைத்து அழுதாள். அந்த ஊர்ப் பெண்களும் களி கிண்டினார்கள், உருட்டிக் கையால் தின்றார்கள். நம்ம ஊரு மாதிரியேதான் இருக்குது என்று அவள் பூரித்துப்போய்ச் சொன்னது குப்புராஜுக்குப் பிடிக்கவில்லை. கடல் கடந்து வந்து களி தின்பதைப் பக்கத்து வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? கதவைச் சாத்திக்கொண்டு தின்றான். தின்றது என்னவோ இரண்டு உருண்டை.

குப்புராஜ் கெட்டவன் இல்லை. மண்ணுக்குள் மரம் முறியும் சத்தம் கேட்டால் ஓடாமல் நின்று ஆட்களை வெளியே தள்ளுகிறவன். ஆனால் நாலு பேர் பார்வை மேலே பட்டால் சுருங்கிப்போவான். பாறைக்குப் பயப்படாதவனைப் பார்வை கொன்றது.

தீர்த்தனின் முடி வளர்ந்துகொண்டே போனது. ஐந்து வயதில் இடுப்பைத் தொட்டது. தேங்காயெண்ணெய் கிடைக்காத காலம். பாஞ்சாலி விளக்கெண்ணெய் தடவி வாரி, சிவப்புக் கயிறு வைத்துப் பின்னிவிடுவாள். அது சாமிக்கு விட்ட முடி, மாமன் மடிக்கு நேர்ந்த முடி என்று தினமும் சொல்லித்தான் பின்னுவாள். பையனும் அதைப் பெருமையாகத்தான் ஆட்டிக்கொண்டு திரிந்தான். பக்கத்து வீட்டில் இருந்த ஃபிட்டர் ஒரு சர்தார். அவருக்கும் முடி, அவர் மகனுக்கும் முடி. அவர்களைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. அவர் கூச்சப்படவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை.

வருடத்தில் ஒருநாள், கிறிஸ்துமஸுக்கு, இந்தியர் வரிசைப் பிள்ளைகளை மேட்டுக்கு அழைப்பார்கள். மானேஜரின் மனைவி தன் கையால் ஆண் பிள்ளைகளுக்கு மர லாரியும் பெண் பிள்ளைகளுக்குத் துணி பொம்மையும் கொடுப்பாள். 1943-இல் தீர்த்தன் கையில் கவுன் போட்ட பொம்மை வந்தது. அவன் அதை ஆசையாகத்தான் வாங்கிக்கொண்டான். சுரங்க வேலைகளை மேற்பார்வை பார்க்கும் கேப்டன் துரை குனிந்து பின்னலைப் பிடித்துப் பார்த்து, குப்புராஜிடம் உன் மகள் அழகாய் இருக்கிறாள், பெயர் என்ன என்று கேட்டார்.

மகன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். துரையும் சிரித்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் துரை சொன்னது தப்பு என்று துரையிடமே சொல்வதா? ஆம்பிளைப் பிள்ளைக்கு ஏன் சடை என்று கேட்டால், வேடியப்பனையும் மாமன் மடியையும் எந்த இங்கிலீஷில் சொல்வது? சுற்றிலும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குப்புராஜுக்குக் காது சூடானது.

"தீர்த்தம்மாள்" என்றான்.

பையன் நிமிர்ந்து அப்பனைப் பார்த்தான்.

மறுநாள் காலையில் பாஞ்சாலி குழாயடிக்குப் போயிருந்த நேரத்தில் பையனைச் சந்தை மைதானத்துக்குக் கூட்டிப்போனான். மாமரத்தடியில் ஒரு ஆப்பிரிக்க நாவிதர் காலி வெடிமருந்துப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தொழில் செய்துகொண்டிருந்தார். பையனை அதன் மேல் உட்கார வைத்துவிட்டுக் குப்புராஜ் வேறு பக்கம் பார்த்து நின்றான். பின்னல் கயிறோடு கீழே விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் பாஞ்சாலி கத்துவாள் என்று நினைத்தான். அவள் கத்தவில்லை. முடி எங்கே என்று மட்டும் கேட்டாள். அதை எடுத்து வர வேண்டும் என்பதே அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை. அவள் ஈரச் சேலையோடு மாமரத்துக்கு ஓடினாள். ஒருவர் முடி இன்னொருவர் கையில் சிக்கக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். நாவிதர் தன் வழக்கப்படி மரியாதையாக அதை எரித்துவிட்டிருந்தார். சாம்பலைக் காட்டினார்.

அதன் பிறகு பையன் தலையில் கத்தரி பட அவள் விடவில்லை. தம்பிக்கு என்ன பதில் சொல்லுவது என்று ஒருநாள் கேட்டாள். ஊர் போய்ச் சேருவதற்குள் வளர்ந்துவிடும், யாருக்குத் தெரியப்போகிறது என்றான் குப்புராஜ்.

"சாமிக்குத் தெரியாதுங்களா?"

"சாமி வந்து கேக்கப்போவுதா?"

அவளும் அதற்கு மேல் பேசவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு அவள் மௌனமும் ஒரு கை சோறு போட்டது.

1946-இல் மொரப்பூரில் வந்து இறங்கினார்கள். பையனின் முடி மறுபடியும் தோளைத் தாண்டியிருந்தது. பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்த குப்புராஜ் முன்னால், இடுப்புவரை சடை தொங்க, முகம் முழுக்கத் தாடியோடு ஒரு பரதேசி வந்து நின்றான். குப்புராஜ் நிமிர்ந்தும் பாராமல் பையில் கைவிட்டுக் காலணாவை எடுத்து அவன் கையில் வைத்தான்.

"என்னுங்க மச்சான், இப்பவே கூலி குடுக்கறீங்க? இன்னும் பொட்டியவே தூக்கலீங்களே."

பாஞ்சாலி அப்படியே பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். குப்புராஜுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மாதையன் அதற்குள் மருமகனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, அவன் முடியைக் கையில் அளந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். எட்டு வருசத்துக்குக் கொஞ்சம் கம்மிதான், அந்த ஊரு வெயிலுக்கு வளரலியோ என்னமோ என்றான். குப்புராஜ் பெட்டிகளை மறுபடி எண்ணினான்.

அந்தச் சடை என்ன விலை கேட்டது என்பதை மாதையன் சொல்லவில்லை. ஊர் சொன்னது. ஏரியூரிலிருந்து பெண் கொடுக்க வந்தவர்கள் வாசலிலேயே அவனைப் பார்த்துவிட்டு, பரதேசிக்கா பெண் கொடுப்பது என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினார்கள். முடியை எடுத்துவிட்டு வா, கட்டித் தருகிறோம் என்று இன்னொரு வீட்டில் சொன்னார்கள். இவன் மாட்டேன் என்றான். அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு குழந்தைகள். இதையெல்லாம் கேட்ட குப்புராஜ் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சொல்லிவிடலாம் என்று மூன்று முறை மாதையனைத் தேடிப் போனான். மூன்று முறையும் கிணற்றைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிவிட்டு வந்தான்.

திங்கட்கிழமை பொங்கல் வைத்தார்கள். புளியமரத்தடியில் வில்லோடு நிற்கும் வேடியப்பன் கல்லுக்கு எண்ணெய் பூசி மாலை போட்டிருந்தது. ஊரே வந்திருந்தது. மாதையன் புது வேட்டி கட்டிச் சம்மணமிட்டு உட்கார்ந்து, எட்டு வயதுப் பையனை மடியில் இருத்திக்கொண்டான். பையனின் கால்கள் மடியை மீறி நீண்டு கிடந்தன. நாவிதர் தலையை நனைத்தார். கத்தி வைப்பதற்கு முன் பூசாரி வழக்கப்படி, தகப்பனைப் பார்த்து, சாமி கேட்கச் சத்தமாய்க் கேட்டார்.

"முதல் முடிதானுங்களே?"

சாமி வந்து கேட்டேவிட்டது. ஊரே குப்புராஜைப் பார்த்தது. பாஞ்சாலி தலையைக் குனிந்துகொண்டாள். குப்புராஜுக்குக் காது சூடானது.

"ஆமாங்க" என்றான்.

தீர்த்தனுக்கு அந்தக் குரல் தெரியும். தன்னைத் தீர்த்தம்மாள் என்று சொன்ன குரல்தான். அவன் மாமன் முகத்தைத் திரும்பிப் பார்த்து, ரகசியம் சொல்கிற மாதிரிதான் சொன்னான். ஆனால் மரத்தடி அவ்வளவு அமைதியாக இருந்தது.

"மாமா, இது ரெண்டாவது முடி. முதல் முடிய அங்கயே வெட்டிட்டாங்க."

பொங்கல் பானை கொதிக்கும் சத்தம் கேட்டது. நாவிதர் கத்தியைத் தலையிலிருந்து விலக்கினார். மாதையன் குப்புராஜைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தான். அவள் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள். அது போதுமாக இருந்தது. அவன் தன் சடையின் நுனியைக் கையில் எடுத்துத் திருகினான். பிறகு பையனிடம் கேட்டான்.

"ஏங்கண்ணு, அன்னிக்கு யார் மடியில உக்காந்திருந்த?"

"யாரு மடியிலயும் இல்ல மாமா. ஒரு வெடிமருந்துப் பொட்டி மேல."

"அப்பிடின்னா மடி இன்னும் பாக்கிதான்" என்றான் மாதையன். பூசாரியைப் பார்த்து, "முடிய நான் நேந்துக்கலீங்க. மடியத்தான் நேந்துக்கிட்டேன். கத்திய வெக்கச் சொல்லுங்க."

பூசாரி கல்லை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பையனின் முடி இறங்கியது. பிறகு மாதையனின் முறை வந்தது. சடை சிக்குப் பிடித்துக் கெட்டியாய்க் கிடந்ததால் நாவிதர் அரிவாள் வாங்கித்தான் அறுத்தார். தாடியும் போனபின் வெளியே வந்த முகத்தில் மொரப்பூர் ரயிலடியில் நின்ற பையனைக் காணவில்லை. கன்னம் ஒட்டி, வயது ஏறிய ஒரு ஆள் இருந்தான். அவன் குப்புராஜைத் திட்டவில்லை, காரணம் கேட்கவில்லை. திட்டியிருந்தால் குப்புராஜ் பிழைத்திருப்பான்.

முடியை ஆற்றில் விட வேண்டும். நாவிதர் கூடையைத் தேடினார். அதற்குள் குப்புராஜ் தோளில் போட்டிருந்த பம்பாய்த் துண்டைக் கீழே விரித்து, மண்டியிட்டு, சடையைக் கையால் அள்ளி வைத்தான். கனமாக இருந்தது. சாமைத் தவிடும் மண்ணும் ஒட்டியிருந்தன. அழுக்கு முடியை நீங்கள் எதற்குத் தொடுகிறீர்கள், ஆள் கொண்டுபோவான் என்று மாதையன் தடுத்தான். குப்புராஜ் நிமிராமல் தரையில் கிடந்த துணுக்குகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.

துண்டை முடிச்சுப் போடவில்லை. திறந்தபடியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, ஊர் பார்க்க, ஆற்றுக்கு நடந்தான். வழியில் களையெடுத்துக்கொண்டிருந்த காசியம்மாள் என்ற கிழவி நிமிர்ந்து பார்த்தாள். கோயிலுக்கு வராதவள், ஒன்றும் தெரியாதவள்.

"யாரு முடிங்க அது?"

குப்புராஜ் நின்றான்.

"மாதையனோடதுங்க. எம் பையன் முடிய வெட்டாம வெச்சிருப்பேன்னு நம்பி வளத்தான்."

கிழவி களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பார்வையை விலக்காமல் நின்றான்.